சம்ப் மூடிக்கு அடியில்

அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி ஹால். பிறந்தநாள், வளைகாப்பு என்று வாடகைக்கு விடுகிற இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, வெள்ளைத் திரை தொங்கவிட்டு, ஒரு பேய்ப் படம் போட்டார்கள். முந்தின நாள் விசேஷத்தின் சாம்பார் வாசனை ஹாலை விட்டுப் போகவில்லை. ஏ.சி. இரண்டில் ஒன்று சும்மா இரைந்துகொண்டிருந்தது.

படத்தின் நடுவில் ஒரு காட்சி. ஒரு பெண்ணை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள், அதுதான் சம்ப் என்கிறோமே, அதற்குள் இறக்கி மூடிவிடுகிறார்கள். உள்ளே மங்கலாக அவள் முகம். பிறகு மூடியின் அடிப்பக்கத்தில் தட்டும் சத்தம். டொக், டொக், டொக். ஒரு மூச்சு நேரம். மறுபடி டொக், டொக், டொக். மறுபடியும்.

ஹால் அப்படியே உறைந்தது. காட்சி முடிந்ததும் எழுந்தது பாருங்கள் ஒரு கைதட்டல். விசில் வேறு.

“இன்னா சவுண்டு மச்சான்!” என்று எனக்கு முன்வரிசையில் இருந்தவன் பக்கத்து ஆளின் தோளில் அடித்தான்.

அந்தத் தட்டலுக்கு என்ன பொருள் என்று அந்த ஹாலில் மூன்று பேருக்குத்தான் தெரியும். இயக்குநருக்கு, ஒலிப்பதிவு செய்தவருக்கு, எனக்கு.

‘திறங்கள்’ என்று பொருள்.

ஜிப் தெரிந்த பூதம்

போன வாரம் இந்தத் தொடரில், நான் பேய்ப் பட ரசிகை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ‘பல் செட் செய்து பிழைக்கிற பெண்ணுக்கு இந்த வயதில் இதெல்லாம் எதற்கு? நல்ல படமாகப் பார்க்கக் கூடாதா?’ என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார்.

ஐயா, நான் பார்ப்பதெல்லாம் நல்ல படங்கள்தான். உங்களுக்குத் தெரியாத நல்ல படங்கள்.

என் அண்ணன் காலேஜ் படித்த காலத்தில் தாம்பரத்தில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடைகள் இருந்தன. அவன் சண்டைப் படம் என்று நினைத்து ஒரு கேசட் எடுத்து வந்தான். பார்த்தால் பூதப் படம். எந்த ஊர்ப் படமோ, என்ன மொழியோ, ஒரு சொல் புரியவில்லை. அவன் திட்டிக்கொண்டே வெளியே போய்விட்டான். நானும் அம்மாவும் மத்தியான வெயிலில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தோம்.

பூதம் திரும்பி நடந்தபோது அதன் முதுகில் ஜிப் தெரிந்தது.

அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஜிப்பை யாரோ தைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கையில் இருந்த துணியையும் பஞ்சையும் வைத்து, ஜிப் தெரியும் என்று தெரிந்தும், ஒருவர் உட்கார்ந்து பூதம் தைத்திருக்கிறார். நான் பயப்பட வேண்டும் என்பதற்காக அவ்வளவு பாடு. அன்றைக்கு அந்தப் படங்களிடம் விழுந்தவள்தான்.

சின்ன பட்ஜெட் பேய்ப் படத்தைக் கேலி செய்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கோடிகளைக் கொட்டி எடுத்த படத்தில் கம்ப்யூட்டர் செய்த பிசாசு பறக்கும். ஒரு நொடி பயம் வராது. இங்கே பீட்ரூட் சாறையும் சர்க்கரைப் பாகையும் கலந்து ரத்தம் காய்ச்சுகிறார்கள். எறும்பு மொய்க்கும். அந்த எறும்பும் படத்தில் விழும். அதிலே ஒரு உயிர் இருக்கிறது.

தைரியம் யாருக்கு?

ரத்தம் அதிகம் என்பதற்காக நான் ஒரு படத்தையும் வெறுத்ததில்லை. குடலை உருவி மாலை போடும் படத்தைப் பிரியாணித் தட்டோடு பார்த்தவள் நான். என் கணவருக்கு மார்க்கெட்டில் செருப்புக் கடை. பாவம், அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். “முடிஞ்சதும் சொல்லு ஷாஹி” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்தக் குடல் ஜெலட்டின் என்று எனக்குத் தெரியும். எந்தச் சாயம், எத்தனை நாள் வைத்தால் அந்த மினுமினுப்பு வரும் என்பதுகூட ஓரளவு சொல்லிவிடுவேன்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு ஒரு ரகத்தைக் கண்டு. ‘தைரியம் இருந்தால் பார்’ என்று மிரட்டிக்கொண்டு வரும் படங்கள்.

தாம்பரம் பக்கத்துப் பேய்ப் பட ரசிகர்களுக்காக ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தேன். நானே தொடங்கியது. அதில் ஒருவர், “இதைப் பார்த்து முடிச்சாதான் உண்மையான ரசிகன்” என்று ஒரு படத்தை அனுப்பினார். அதில் ஒரு நாயைக் கேமராவுக்கு முன்னால் நிஜமாகவே கொன்றிருந்தார்கள். பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

அதைக் குழுவில் கொண்டாடினார்கள். கலை என்றார்கள். சமரசம் இல்லாத இயக்குநர் என்றார்கள். கட்டிப்போட்ட நாயைக் கொல்ல என்ன சமரசமின்மை வேண்டிக் கிடக்கிறது? அதை நாற்காலியில் சாய்ந்து பார்க்க என்ன தைரியம் வேண்டும்? பொய்யாகச் செய்யத் தெரியாதவன்தான் நிஜமாகச் செய்கிறான். வேலை தெரியாததை வீரம் என்று விற்கிறான்.

இப்படியெல்லாம் குழுவில் எழுதினேன். கட்டைவிரல் படம் போட்டார்கள் சிலர். அவர்களில் ஒருவர் ஹரீஷ்.

கோரைப் பல்

ஹரீஷ் மென்பொருள் கம்பெனி ஆள். முப்பது வயது இருக்கும். சொந்தச் சேமிப்பில் பேய்ப் படம் எடுக்கப் போவதாக என் லேபுக்கு வந்தார்.

“அக்கா, கடைல விக்கிற பிளாஸ்டிக் பல் வேணாம். நீங்க செஞ்சு குடுங்க. உங்களவிட யாருக்குத் தெரியும்?”

மயங்கிவிட்டேன். இத்தனை வருஷம் பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பல் செட் செய்தவளை, பேய்க்குப் பல் செய்யச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளாமல் இருப்பேனா?

பல் போட வேண்டிய நடிகை ரோஸ்லின். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நகர்ந்து வரும் பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். வார விடுமுறையில் மின்சார ரயில் ஏறி வந்து குறும்படங்களில் நடிப்பாள். சர்ச்சில் ஈஸ்டர் நாடகத்தில் நடித்து ஆரம்பித்ததாம்.

வாயில் அச்சு எடுக்கும்போது அந்தப் பசை தொண்டைப் பக்கம் வழிந்தால் குமட்டும். “மூக்கால மூச்சு விடும்மா. முடியலன்னா இடது கையத் தூக்கு. அடுத்த நொடி எடுத்துடுவேன்” என்றேன்.

ஒரு முறை கையைத் தூக்கினாள். எடுத்துவிட்டேன். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். “நெஜமாவே எடுத்துட்டீங்களேக்கா!”

கோரைப் பல்லை அக்ரிலிக்கில் செய்து, தேயிலைத் தண்ணீரில் ஊற வைத்து, கறை ஏற்றிக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு அவளே ஒரு அடி பின்னால் போனாள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

பள்ளிக்கரணை வீடு

படப்பிடிப்பு பள்ளிக்கரணையில், பாதி கட்டி நின்றுபோன ஒரு வீட்டில். மாடியிலிருந்து பார்த்தால் சதுப்பு நிலமும் பறவைகளும் தெரியும். வீட்டுக்காரர் பகலில் மட்டும்தான் அனுமதி கொடுத்திருந்தார். அதனால் பட்டப்பகலில் ஜன்னலை அடைத்து இருட்டு செய்தார்கள். உள்ளே வெந்துகொண்டிருந்தோம்.

பல் கழன்றால் ஒட்ட நானும் போயிருந்தேன். அன்றைக்கு சம்ப் காட்சி.

தண்ணீர் ஏறாத புதுத் தொட்டி. சிமென்ட் நெடி. மேலே கனமான இரும்பு மூடி. ரோஸ்லின் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், எவ்ளோ நேரம் மூடுவீங்க?” என்று ஹரீஷிடம் கேட்டாள்.

“இருபது எண்ணுற நேரம். அதுக்கு மேல ஒரு செகண்ட் கெடையாது.”

அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்: “முடியலன்னா மூணு தட்டு தட்டட்டும். உடனே திறந்துடணும்.” ஹரீஷ் தலையாட்டினார். ஒலிப்பதிவு முருகேசனும் தலையாட்டினார். அவர் தாம்பரம் சானடோரியம்காரர், கல்யாண மண்டபங்களுக்கு மைக் செட் போட்டு வந்தவர். தொட்டிக்குள் ஒரு சின்ன மைக்கும் ஒரு சின்ன கேமராவும் வைத்திருந்தார்கள்.

மூடினார்கள். நான் அடுத்த அறையில் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அதில் படம் மட்டும்தான். சத்தம் முருகேசனின் ஹெட்போனில்.

முதலில் அவள் நடித்தாள். அது எனக்குத் தெரிந்தது. பிறகு முகம் மாறியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கண் எதையும் பார்க்காமல் மேலே நின்றது. கழுத்து நரம்பு துடித்தது.

ஆஹா, என்ன நடிப்பு என்று நினைத்தேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் மற்றதை எழுத எனக்கு உரிமை இல்லை. ஜெலட்டின் குடலின் வயதைச் சொல்லத் தெரிந்தவள், பொய் எது நிஜம் எது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், ஒரு பெண் மூச்சுக்குத் தவிப்பதைத் திரையில் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

தற்செயலாக முருகேசனைப் பார்த்தேன். அவர் ஹரீஷைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹரீஷ் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை உயர்த்திப் பிடித்திருந்தார். ‘இரு’ என்று.

எழுந்து போய் முருகேசனின் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கிக் காதில் வைத்தேன்.

டொக், டொக், டொக். டொக், டொக், டொக்.

அந்த மூடியை எப்படித் தள்ளினேன் என்று தெரியாது. முருகேசனும் ஓடி வந்து பிடித்தார். ரோஸ்லினைத் தூக்கி வெளியே எடுத்தோம். அவள் நகங்கள் இரண்டு பிய்ந்திருந்தன. நான் செய்த பல்லை உள்ளங்கையில் துப்பினாள்.

“சூப்பர் ரோஸ்லின்! இதான், இதான் எனக்கு வேணும்!” ஹரீஷ் கைதட்டிக்கொண்டே வந்தார்.

“தண்ணி” என்றாள் அவள்.

முருகேசன் என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்: “மூணு மூணா நாலு தபா தட்டிச்சுக்கா. நான் ஜாடை காட்டிக்கினேதான் இருந்தேன். அவரு கையக் காட்டிக்கினே கீறாரு. நான் போயி தொறந்திருக்கணும். பயந்துட்டேன்க்கா, வேல பூடும்னு.”

ஹரீஷைப் பார்த்து, “ஏன் திறக்கல?” என்று கத்தினேன்.

“அக்கா, பத்து செகண்ட் எக்ஸ்ட்ரா. அந்த எக்ஸ்பிரஷன் நடிச்சா வருமா? நீங்களே மானிட்டர்ல வாயப் பொளந்து பாத்துட்டு இருந்தீங்க.”

அவர் சொன்னது உண்மை. அது அவருக்குத் தெரிந்தது.

மாலை வரை காத்திராமல் ரோஸ்லினை என் ஸ்கூட்டரில் ஏற்றித் தாம்பரம் ஸ்டேஷனில் விட்டேன். ரயிலில் உட்கார இடம் இருந்தது. அவள் உட்காரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து நின்றபடியே போனாள். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போய்விட்டாளாம், விரலில் பிளாஸ்திரியோடு.

மிச்சம் இருந்த நாட்களும் நடித்துக் கொடுத்தாள். “பாதில விட்டா, ஒரு பொண்ணு பயந்து ஓடிட்டான்னு ஆயிடும்கா. அடுத்த படத்துக்கு யாரு கூப்புடுவா?” அந்தத் தட்டல் சத்தத்தை வெட்டிவிடுவதாக ஹரீஷ் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

மறுபடி சிட்லபாக்கம்

வெட்டவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்.

படம் முடிந்ததும் மைக் பிடித்தார். “ஒரு சீக்ரெட் சொல்றேன். அந்த சம்ப் சீன்ல நீங்க பாத்தது நடிப்பே இல்ல. நெஜம்!”

மறுபடியும் விசில். ரோஸ்லின் அன்றைக்கு ஷிப்டில் இருந்தாள். எங்கோ ஒரு பட்டறையில் கீறல் தேடிக்கொண்டிருந்தாள். இங்கே அவள் மூச்சுத் திணறலுக்கு விசில் அடித்தார்கள்.

எழுந்தேன். எனக்கு மைக் தேவைப்படவில்லை.

“அந்தத் தட்டல் ஒரு சிக்னல். தாங்க முடியலன்னா தட்டு, உடனே திறக்கிறோம்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லியிருந்தோம். நாலு தடவ தட்டினா. இவர் திறக்கல. நீங்க கைதட்டுனது அதுக்குத்தான்.”

 பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஆன்ட்டி, ஹாரர் தாங்கலன்னா வூட்டுல சீரியல் பாருங்க.”

சிரிப்பு.

ஹரீஷ் கனிவாகப் பேசினார். “மேடம் கொஞ்சம் எமோஷனலா இருக்காங்க. நல்ல ஆர்ட் அப்படித்தான், டிஸ்டர்ப் பண்ணும்.” அதுவரை அக்கா. அந்த நிமிடத்திலிருந்து மேடம்.

முருகேசன் கடைசி வரிசையில் எழுந்து நின்றார். “அந்தம்மா சொல்றது நெசம். நான்தான் ரெக்கார்டு பண்ணேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வாட்ஸப் குழுவில் என்னைப் பற்றி நூற்றுக்கணக்கில் செய்திகள். பொறாமையாம். பெண்ணியமாம். நானே தொடங்கிய குழுவிலிருந்து நானே வெளியேறினேன். அன்றைக்கு என் கணவர் முழுதும் கேட்டுவிட்டு, “இதுக்குத்தான் நான் கிச்சனுக்குப் போறேன்” என்றார். அவரிடமும் கோபப்பட்டேன்.

ரோஸ்லினின் நிபந்தனை

படத்தை இணையத்தில் வெளியிட ஒரு தளம் முன்வந்தது. நடிகர்கள் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ஹரீஷ் அதுவரை ரோஸ்லினிடம் ஒரு காகிதத்திலும் கையெழுத்து வாங்கியிருக்கவில்லை. கையெழுத்து கேட்டு வந்தபோது அவள், “ஷாஹிதா அக்கா லேபுக்கு வாங்க, பேசலாம்” என்று சொல்லிவிட்டாள்.

பிளாஸ்டர் தூசிக்கு நடுவே மூவரும் உட்கார்ந்தோம். “மொதல்ல அந்த சீன காட்டுங்க” என்றாள் ரோஸ்லின். ஹரீஷ் செல்போனை நீட்டினார். அவள் கடைசி வரை இமைக்காமல் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். ஹரீஷ் முகம் மலர்ந்தது. “அதான் சார் எரியுது. இதுல நான் எங்க இருக்கேன்? என் மூஞ்சி இருக்கு, என் கை இருக்கு. நான் ஒண்ணுமே பண்ணல. பத்து வருஷமா நடிக்கிறேன், என் பெஸ்ட் சீன்ல நான் நடிக்கவே இல்ல.”

எனக்கு அதுவரை தோன்றாத கோபம் அது. அவள் மூச்சை நினைத்து நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அவளோ, தன் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கொதித்துக்கொண்டிருந்தாள்.

“திரும்ப எடுங்க. அக்கா மூடி செய்வாங்க. முருகேசண்ணன் பக்கத்துல நிக்கணும். பழைய சீன எனக்கு முன்னாலயே அழிக்கணும். அப்புறம் கையெழுத்து.”

“அந்த ஃபீல் மறுபடி வராதும்மா” என்றார் ஹரீஷ்.

“வரவைக்கிறதுக்குத்தான் சார் நடிகைன்னு பேரு.”

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்.

தெர்மோகோலில் மூடி செய்து, துருப்பிடித்த இரும்பு போல வண்ணம் பூசினேன். ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். ஓரத்தில் காற்றுக்கு ஓட்டை. அதே பள்ளிக்கரணை வீடு, ஒரு காலை வேளை. இந்த முறை ஹெட்போன் என் காதில்.

மூன்றாவது டேக்கில் அவள் செய்ததை எப்படிச் சொல்வேன்? கத்தவில்லை. முதலில் மூடியைத் தட்டினாள், விளையாட்டு போல. பிறகு லேசாகச் சிரித்தாள், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்பது போல. பிறகு திறக்க மாட்டார்கள் என்று புரிந்த அந்த நொடி, கலைந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். வெளியே போகத் தயாராவது போல. அவ்வளவுதான். எத்தனை நாட்டுப் பேய்ப் படங்கள் பார்த்திருக்கிறேன், அப்படி நான் பயந்ததில்லை.

மூடியைத் தானே தள்ளிக்கொண்டு எழுந்து நின்று, “அக்கா, டீ வந்துச்சா?” என்றாள்.

பழைய காட்சியை அழித்தார்கள். கையெழுத்துப் போட்டாள். படம் வெளியானது. எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் பேசுகிறார்கள், அந்த முடி ஒதுக்குவதைத்தான் பேசுகிறார்கள்.

போன வாரம் ரோஸ்லின் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். யூடியூபில் ஹரீஷின் பேட்டி. கேட்பவர் கண்களை விரித்து, “அந்த சம்ப் சீன் எப்படி?” என்கிறார். ஹரீஷ் சாய்ந்து உட்கார்ந்து சொல்கிறார்: “அது நடிப்பே இல்ல பிரதர். அந்தப் பொண்ணுக்குத் தெரியாமலே எடுத்தது. அந்த பயம் நெஜம்.” கீழே பாராட்டாக ஆயிரக்கணக்கில் நெருப்பு எமோஜிகள்.

வீடியோவுக்கு அடியில் ரோஸ்லினின் குரல் செய்தி. பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். “பாத்தீங்களாக்கா? நடிக்காதப்பயும் நடிப்பில்லன்னான். நடிச்சப்பயும் நடிப்பில்லன்றான்.”

அவளுக்கு யூடியூப் சேனல் இல்லை. பேட்டி எடுக்க யாரும் தொழிற்சாலை வாசலுக்கு வரப் போவதில்லை. எனக்கு இந்த வாரம் இந்தப் பக்கங்கள் இருக்கின்றன. எனவே இதை அச்சில் சொல்லி வைக்கிறேன். அந்தத் தொட்டிக்குள் காற்று இருந்தது, வெளிச்சம் இருந்தது, மூடி தெர்மோகோல். அந்தப் பயத்தை உண்டாக்கியது ரோஸ்லின். மூன்று டேக். முடியை ஒதுக்கியது அவளுடைய யோசனை.